சைபர் பர்சன்ட்

எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலையில் வெடி என்று செய்தி வந்தால், யார் என்று கேட்டதற்கு அடுத்தபடியாகக் கேட்பது ‘எத்தனை பர்சன்ட்?’ என்பதைத்தான். பள்ளிக்கூடம் பக்கம் போகாத பெண்களுக்கும் அந்தக் கணக்குத் தெரியும். ஒரு கை வெந்தால் இவ்வளவு, முதுகு முழுக்க என்றால் இவ்வளவு. முப்பதுக்குள் இருந்தால் சாமிக்கு நேர்ந்துகொள்ளலாம். ஐம்பதைத் தாண்டினால் வெளியூர்ச் சொந்தங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் யாரும் திரும்பக் கேட்பதில்லை.

இந்தக் கணக்கில் எங்கள் தெருவில் கெட்டிக்காரர் என் தாய்மாமா சீனிச்சாமி. வாலிபத்தில் அவருக்கே இடது கை வெந்து, விரல்கள் ஒட்டிப்போய், ஒட்டிய விரல்களோடு மறுபடி ஆலைக்குப் போனவர். எங்கே வெடித்தாலும் ஆம்புலன்ஸில் முதலில் ஏறுகிறவர் அவர்தான். மதுரை போகும் வழியில் வண்டிக்குள் வைத்தே, “நாப்பது, நாப்பத்தஞ்சு” என்று சொல்லிவிடுவார். ஆஸ்பத்திரியில் எழுதுவதும் அதை ஒட்டியே இருக்கும். சாத்தூர் வட்டாரத்தில் பல குடும்பங்கள் டாக்டர் வாயைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் வாயைப் பார்த்திருக்கின்றன.

என் தம்பி பாண்டிராஜையும் அவர்தான் பார்த்தார். பாண்டிக்கு அவர் தாய்மாமன் மட்டுமல்ல, மாமனாரும்கூட. அவருடைய ஒரே மகள் மாரிசெல்வியைத்தான் பாண்டி கட்டியிருந்தான்.

நான் சிவகாசியில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே ஓர் அச்சாபீசில் பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள்களில் எழுத்துப்பிழை பார்க்கிற வேலை. அது புரட்டாசி மாதம், தீபாவளி சீசன், ஆர்டர் நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைப் பெண்ணுக்கு வந்த போனில்தான் எங்கள் ஊர்ப் பேர் காதில் விழுந்தது. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். மழை தப்பிய வருஷம். கரிசல் காடு வெடித்துப் பிளந்து கிடந்தது. தூரத்தில் ஆலைப் பக்கம் புகை எழும்பி, காற்றில்லாததால் எங்கும் போகாமல் அப்படியே நின்றது.

தெருமுனையில் இறங்கும்போது பாண்டி எதிரே நடந்து வந்தான். சட்டையெல்லாம் கரி. யாருடைய ரத்தமோ தோளில் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும், “நீ எதுக்குக்கா வேலையைப் போட்டுட்டு வந்த?” என்றான். நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அவன் வேலை, அறைகளில் செய்து முடித்த வெடிமருந்து உருண்டைகளைத் தட்டுகளில் வாங்கிக்கொண்டுபோய் சிமென்ட் மேடையில் வெயிலுக்குக் காயப்போடுவது. அன்று வெறுந்தட்டோடு திரும்பும்போது கலவை அறை வெடித்திருக்கிறது. தீ அவன்மேல் படவில்லை. காற்றுத்தான் அறைந்தது. தூக்கி எறிந்ததில் மேடையின் விளிம்பில் வயிறு மோதி விழுந்திருக்கிறான். எழுந்து, ஓடி, மற்றவர்களோடு சேர்ந்து வெந்தவர்களை இழுத்துப் போட்டு, லோடு வண்டியில் ஏற்றிவிட்டு அப்புறம்தான் வந்திருக்கிறான்.

வெடியில் தப்பி வருகிறவனை எங்கள் தெருவில் அப்படியே வீட்டுக்குள் விடமாட்டார்கள். வாசலில் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றி, உடுத்தியதைக் கழற்றி ஊருக்கு வெளியே எறிந்துவிட வேண்டும். என் அம்மா குருவம்மாள் குடம் குடமாக ஊற்றினாள். கோவணத்தோடு நின்றவனை மாமா சுற்றி வந்து பார்த்தார்.

“ஏலே, கையைத் தூக்கு. அக்குளைக் காட்டு. திரும்பு. காதுக்குப் பின்னால காட்டுலே, வெக்கம் என்ன வெக்கம், எல்லாம் நம்ம ஆளுகதான்.”

“மாமா, கூசுது மாமா.”

“கூசுதுல்ல? தோலு இருந்தாத்தான் கூசும்.” மாமா எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். “ஒரு முடி பொசுங்கலத்தா. சைபரு! சைபர் பர்சன்ட்டு!”

அம்மா அந்த இடத்திலேயே தெற்கே இருக்கன்குடி மாரியம்மன் கோயில் திசையைப் பார்த்து விழுந்து கும்பிட்டாள்.

தொப்புளுக்கு மேலே குறுக்காக ஒரு சிவந்த கோடு இருந்தது. மாரிசெல்விதான் அதைக் காட்டினாள். “இது என்னய்யா?”

மாமா அதை ஒட்டிய விரல்களால் தடவிப் பார்த்தார். “மேடை பட்டிருக்கு. ரெண்டு நாளைக்கு நோவும். இது கணக்குல வராது” என்றார்.

எங்களில் யாருக்கும் அது கணக்கில் வரவில்லை. அதை இன்று எழுதும்போதும் மாமாவைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அவருக்கு, எங்களுக்கு, அந்த வட்டாரத்துக்கே சாவு என்பது தோல் வழியாகத்தான் வந்து பழக்கம்.

அன்று ராத்திரி அம்மா விடைக்கோழியை அடித்துக் குழம்பு வைத்தாள். தெருவில் மூன்று வீடுகளில் அழுகைச் சத்தம். அதற்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம். பாண்டி இரண்டு வாய் வைத்துவிட்டுக் கையை உதறினான்.

“என்னலே, கோளி ருசிக்கலையா?” என்றாள் அம்மா.

“வயிறு திம்முனு இருக்கும்மா.”

“காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. வாயு ஏறியிருக்கும். ஏட்டி மாரி, ஓமத்தைக் கொதிக்க வையித்தா.”

மறுநாள் முழுக்க அவன் எழவு வீடுகளில் நின்றான். பந்தல் போட்டான், சுடுகாட்டு வாசலில் பாடை கட்டினான், குழி வெட்டும் இடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனான். கூட வேலை பார்க்கிற பையன்கள், “ஏ, சைபரு வாராண்டா, வழி விடுங்கடா” என்று கேலி செய்தார்கள். சாவு வீட்டிலும் கேலி இருக்கத்தான் செய்யும். அது இல்லாவிட்டால் பாடை தூக்க முடியாது. அவனும் சிரித்தான். சிரிக்கும்போது ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

சாயங்காலம் மாரிசெல்வி அவனை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு வந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன்.

“சாத்தூருக்குப் போயி ஒரு ஊசி போட்டுட்டு வந்துருவமே” என்றாள்.

“எதுக்கு?”

“மூஞ்சி வெளிறிக் கெடக்கு. கண்ணாடியில பாத்தீகளா?”

“மெல்லப் பேசு. எதுத்த வீட்டுல பிள்ளையத் தூக்கிக்கொடுத்துட்டு உக்காந்திருக்காக. சங்கரபாண்டியன் அண்ணன் மதுரையில எழுவது பர்சன்ட்டுல கெடக்கு. நான் வயித்துவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன்னா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தெருவுல நடப்பேன்?”

“தெருவுக்காகவா வயிறு வலிக்காம இருக்கும்?”

“வாயு. நாளைக்குச் சரியாப்போயிரும்.”

அவள் பன்னீர் சோடா வாங்கிவரப் போனாள்.

அன்று இரவு அம்மா விளக்கெண்ணெயைச் சூடாக்கி அவன் வயிற்றில் தடவினாள். தடவிக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டு, “ஏத்தா, இங்கன தொட்டுப் பாரு” என்று என்னைக் கூப்பிட்டாள். பாண்டி ஒல்லியான ஆள். மல்லாந்து படுத்தால் வயிறு பள்ளமாகத்தான் இருக்கும். அன்று மேடாக இருந்தது. தொட்டால் அமுங்கவில்லை. வெற்றிலையை வாட்டி ஒட்டினோம். பெருங்காயம் கரைத்துக் கொடுத்தோம். என்னென்ன தெரியுமோ அதெல்லாம் செய்தோம்.

விடிந்ததும் மாரிசெல்வி என்னை எழுப்பினாள். “மதினி, இவுக ஒண்ணுக்குப் போயி எம்புட்டு நேரமாச்சு தெரியல. போறாக, சும்மா நின்னுட்டு வாறாக. மூச்சு வாங்குது.” அதற்கு மேல் அவள் யாரிடமும் கேட்கவில்லை. தெருவில் வந்து நின்ற பட்டாசு லோடு வண்டியை மறித்து அவனை ஏற்றினாள். சாத்தூரில் பார்த்தவுடனே, “இங்க வச்சுக்க முடியாது, மதுரைக்குப் போங்க” என்று ஆம்புலன்ஸ் வைத்து அனுப்பிவிட்டார்கள். மாமா வழக்கம்போல முதலில் ஏறினார். வழியெல்லாம் பாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சொல்வதற்கு அவரிடம் கணக்கு இல்லை.

மதுரையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் எங்கள் தெருவே இருந்தது. சங்கரபாண்டியனின் மனைவி சொர்ணலட்சுமி தூணோரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். தீக்காய வார்டு அந்தப் பக்கம், நாங்கள் இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவு இந்தப் பக்கம். சாத்தூரிலிருந்து யாரோ கொண்டுவந்த சேவுப் பொட்டலத்தைப் பிரித்து எங்கள் பக்கம் தள்ளினாள்.

“சாப்பிட்டீகளா மதினி? கொஞ்சம் வாயில போடுங்க. மாரி, நீயும் எடு. என்னவாம் பாண்டிக்கு?”

“வயிறு வீங்கியிருக்கு. உள்ளுக்குள்ள அடிபட்டிருக்காம்” என்றாள் மாரிசெல்வி.

“தீ?”

“தீ இல்ல.”

“அப்புறம் என்னத்துக்கு அளுகுற? எங்க வீட்டுல உள்ளவுகளத் துணிபோட்டு மூடி வச்சிருக்காக, எங்கன தொடுறதுன்னு தெரியல. உன் புருசனத் தொட்டுப் பாக்கலாம்ல? தோலு இருக்குல்ல? போதும். ரெண்டு நாளுல எந்திரிச்சு வந்துருவாக பாரு.” அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. அது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் எடுத்த ஸ்கேனில் குடலைத் தாங்குகிற சவ்வு கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது. கசிவு நின்ற மாதிரி இருக்கிறது, ரத்தமும் தண்ணீரும் ஏற்றிப் பார்க்கலாம் என்றார்கள். மறுநாள் காலையில் வயிறு இன்னும் ஏறியிருந்தது. மூத்திரப் பையில் ஒன்றும் இறங்கவில்லை. மறுபடியும் ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் நெருங்கிய சொந்தம் யார் என்று கூப்பிட்டார்கள். நானும் மாரிசெல்வியும் போனோம்.

டாக்டர் அருணாதேவி ஸ்கேன் படங்களைப் பார்க்கிறவர். எங்களைவிடச் சின்னப் பெண்ணாகத்தான் தெரிந்தார். இருட்டறையில் கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டூலைத் தள்ளி எங்களை உட்காரச் சொன்னார்.

“படுத்திருக்கிற ஆளைக் குறுக்கா வெட்டிப் பார்த்தா எப்படித் தெரியுமோ, அதுதான் இந்தப் படம். சரியா? இது வேற ஒருத்தரோடது, நல்லா இருக்கிறவர். பாருங்க, வயிறு தட்டையா, ரெண்டு பக்கமும் அகலமா, முட்டையைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கு. இது உங்க வீட்டுக்காரரோடது.”

மாரிசெல்வி குனிந்து பார்த்தாள். “உருண்டையா இருக்கு.”

“ஆமா. அப்படி உருண்டையா இருக்கக்கூடாது. நேத்து எடுத்ததுல இவ்வளவு இல்ல. இன்னொண்ணு. முதுகெலும்புக்கு முன்னால இந்த இடத்துல ஒரு பெரிய ரத்தக்குழாய் இருக்கு. காலு, இடுப்பு எல்லாத்துலயும் இருந்து ரத்தத்தை நெஞ்சுக்குக் கொண்டுபோறது. அது உருண்டையா இருக்கணும். இவருக்கு எப்படி இருக்கு பாருங்க.”

எனக்கு முதலில் தெரியவில்லை. அவர் பென்சில் முனையை வைத்த பிறகுதான் தெரிந்தது. ஒரு கோடு. லேபிளில் விலைக்கு மேலே குறுக்கே இழுப்போமே, அந்த மாதிரி ஒரு கோடு.

“நசுங்கிப்போயிருக்கு” என்றார் டாக்டர். “வயித்துக்குள்ள அழுத்தம் கூடிப்போச்சு. குடல் வீங்கியிருக்கு, ரத்தம், தண்ணி எல்லாம் இருக்கு. இடம் இல்ல. அது கீழ கிட்னியை அமுக்குது, அதான் மூத்திரம் இறங்கல. மேல நுரையீரலைத் தள்ளுது, அதான் மூச்சு வாங்குது. ஸ்கேன்ல சந்தேகம் வந்ததும் மூத்திரக் குழாய் வழியா அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொன்னேன். அதுவும் அதையேதான் சொல்லுது.” அவர் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். “இப்ப ஒரு அணுகுண்டு வெடியில சணலை இறுக்கி இறுக்கிச் சுத்துறாங்கள்ல, உள்ள இருக்கிறது வெளிய வர முடியாம...” என்று ஆரம்பித்தவர் எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “மன்னிச்சிருங்க.”

“சொல்லுங்க டாக்டரம்மா” என்றாள் மாரிசெல்வி. “எங்களுக்கு அப்படிச் சொன்னாத்தான் தெரியும். நானே சுத்தியிருக்கேன். அந்தக் கட்ட அவுக்கணும். அதுக்கு என்ன வளி?”

“வயித்தைத் திறக்கணும். மேல இருந்து கீழ வரைக்கும். திறந்தா உடனே மூடவும் முடியாது. வீக்கம் வத்துற வரைக்கும் திறந்தபடி, மேல ஒரு பிளாஸ்டிக் உறை வச்சுத் தைச்சு வைப்பாங்க. பயமாத்தான் இருக்கும். ஆனா சீக்கிரம் செய்யணும்மா. இது நேரம் கொடுக்காது.”

வராந்தாவுக்கு வந்து அம்மாவிடமும் மாமாவிடமும் சொன்னோம். அம்மா காதில் விழாதவள் போலத் தலைமுடியை முடிந்துகொண்டிருந்தாள். அப்புறம், “காயம் எங்கன இருக்கு?” என்றாள்.

“உள்ள இருக்கும்மா” என்றேன்.

“வெளிய?”

“வெளிய இல்ல.”

“வெளிய ஒரு கீறல் இல்லாத பிள்ளைய நாமளே கொடுத்துக் கிளிக்கச் சொல்லவா? ஏட்டி, உங்கய்யாவ ஆலையில இருந்து எப்படிக் கொண்டாந்தாகன்னு உனக்குத் தெரியாது. நீ சின்னப்பிள்ள. கட்டுக் கட்டித்தான் கொண்டாந்தாக. மூஞ்சி இதுன்னு ஒரு பக்கத்தக் காமிச்சாக. நான் அதுதானான்னு கூடக் கேக்கல. இவன அந்த ஆத்தா முளுசாத் தந்திருக்கா. நான் முளுசாத்தான் கூட்டிட்டுப் போவேன்.”

“அத்தை, படத்துல நான் பாத்தேன்...” என்றாள் மாரிசெல்வி.

“படத்துல என்ன தெரியும்? மந்திரமா அது? வாயு அடைச்சிருக்கு, அம்புட்டுத்தான். எறங்கிரும்.”

“எறங்கல அத்தை. ரெண்டு நாளா நாமளும் எறங்கும் எறங்கும்னுதான் பாத்தோம்.”

“வயித்தக் கிளிச்சு எவன் பொளச்சிருக்கான்? சொல்லு. உங்கய்யா இந்தா நிக்காருல்ல, அவருகிட்டயே கேளு, அவரு எத்தன பேரக் கொண்டாந்திருக்காரு.”

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். பழக்கம். எத்தனையோ வீடுகளில் அவர் முகத்தை இப்படிப் பார்த்திருக்கிறார்கள், அவரும் ஒரு எண்ணைச் சொல்லியிருக்கிறார். அன்று அவர் தன் ஒட்டிய விரல்களை மடக்க முயற்சி செய்துகொண்டிருந்தார்.

“தீயின்னா சொல்லிருவேன் அக்கா” என்றார் அம்மாவிடம். “இது எனக்குப் பிடிபடல.” பிறகு எழுந்து, “நான் ஒண்ணு செய்றேன். இருக்கன்குடிக்குப் போயி ஆத்தாகிட்ட உத்தரவு கேட்டுட்டு, திருநீறு வாங்கிட்டு வந்துர்றேன். பூ குடுத்தாக் கிளிப்போம். சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன். அதுவரைக்கும் பொறுங்க” என்றார்.

அம்மாவுக்கு அது சரியென்று பட்டது. எனக்கும் மாரிசெல்விக்கும் சரியென்று படவில்லை. ஆனால் மாமா ஏற்கெனவே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார். தன்னால் செய்யக்கூடிய ஒரு காரியம் கிடைத்துவிட்ட ஆள் மாதிரி நடந்தார்.

டாக்டர்கள் இரண்டு தடவை வெளியே வந்து கேட்டார்கள். “வீட்டுப் பெரியவுக வந்துரட்டும்” என்று அம்மா சொன்னாள். மூன்றாவது தடவை டாக்டர் அருணாதேவியே படியிறங்கி வந்தார். எங்களுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து, அம்மா கையைப் பிடித்து எடுத்துச் சொன்னார். அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், “அவரு வந்துரட்டும் தாயி” என்றாள்.

மத்தியானத்துக்கு மேல் பாண்டிக்கு வாயில் குழாய் விட்டு மிஷினில் போட்டுவிட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது போர்வைக்கு மேலே வயிறுதான் தெரிந்தது. முகம் அதற்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. மாரிசெல்வி அதைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவின் முன்னால் நின்றாள்.

“அத்தை, நான் கையெளுத்துப் போடப் போறேன். நீங்க என்னைய அடிச்சாலும் சரி.”

“உங்கய்யா...”

“எங்கய்யா வரட்டும். வந்து ஏசட்டும். முளுசா வேணும் முளுசா வேணும்ங்கிறீக. எனக்கு அரை ஆளா வந்தாலும் போதும். மூச்சு இருந்தாப் போதும்.”

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மாரிசெல்வி உள்ளே போனாள்.

மாமா பூ கிடைத்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தபோது பாண்டியை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். “குடுத்துட்டாக்கா, ஆத்தா பூ குடுத்துட்டா” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், காலிக் கட்டிலைப் பார்த்துத் திருநீற்றுப் பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

வயிற்றைத் திறந்ததும் மிஷினில் மூச்சு சுலபமாகப் போக ஆரம்பித்துவிட்டது என்று சொன்னார்கள். இரவுக்குள் பையில் கொஞ்சம் மூத்திரம் இறங்கியது. அதைக் கேட்டு நாங்கள் அழுதோம். சொர்ணலட்சுமி எங்கிருந்தோ டீ வாங்கிவந்து கொடுத்தாள். நாங்கள் அந்தப் பையின் நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். முதலில் கறுப்பாக, அப்புறம் சிவப்பாக, நாளைக்கு மஞ்சளாகிவிடும் என்று.

அம்மாவை உள்ளே விட்டபோது நானும் கூடப் போனேன். பாண்டியின் வயிற்றின்மேல் தண்ணீர்ப் பை போன்ற ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றிலும் தைத்திருந்தார்கள். அதற்குள் குடல் அசைவது தெரிந்தது. அம்மா அதைப் பார்க்காமல் கால்மாட்டிலேயே நின்றாள். பாண்டி கண் திறந்திருந்தான். எங்களைத் தெரிந்தது. வாயில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. இடது கையை லேசாகத் தூக்கி, வீட்டுக்குப் போங்கள் என்கிற மாதிரி அசைத்தான்.

“போறேன்யா, போறேன். நீ முன்னால எந்திரிச்சு வா” என்றாள் அம்மா.

அடுத்து வந்த நாட்களில் ஒரு நாள் சங்கரபாண்டியன் இறந்தார். அவரைத் துணியாலும் பிளாஸ்டிக்காலும் சுற்றிக் கட்டி நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தெருவில் வண்டியை நிறுத்தினார்கள், இறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வெந்து போகிறவர்களை இறக்குவதில்லை. குளிப்பாட்ட முடியாது. தலைக்கு எண்ணெயும் சீயக்காயும் வைக்க முடியாது. சொர்ணலட்சுமி வண்டியின் கதவைத் தொட்டுக் கும்பிட்டாளாம்.

பாண்டியின் மூத்திரம் மஞ்சளாகவே இல்லை. கிட்னி ரொம்ப நேரம் ரத்தமில்லாமல் கிடந்துவிட்டது என்றார்கள். டயாலிசிஸ் செய்தார்கள். அப்புறம் காய்ச்சல் வந்தது. கடைசி நாளுக்கு முந்தின நாள் டாக்டர் அருணாதேவி கேன்டீனில் நின்றிருந்தபோது நான் போய்க் கேட்டேன்.

“மொதல் நாளே கூட்டிட்டு வந்திருந்தா?”

அவர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்தது தெரிந்தது. “முதல் நாள் ஸ்கேன் எடுத்திருந்தா அந்தக் கிழிசல் தெரிஞ்சிருக்கும்” என்றார். “ஆனா, அக்கா, நடந்து வந்த ஆளுக்கு, ஒரு காயமும் இல்லாத ஆளுக்கு, வயித்துல ஸ்கேன் எடுக்கணும்னு உங்க தெருவுல யாருக்குத் தோணும்?”

“கையெளுத்துக் காலையிலேயே போட்டிருந்தா?”

அவர் தம்ளரை மறுபடி கையில் எடுத்தார். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வியை நான் அம்மாவிடம் சொன்னதில்லை. மாமாவிடமும் சொன்னதில்லை. ஆனால் மாமாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு வெடிகள் நடந்துவிட்டன. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அவர் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறார். ஒரு தடவை யாரோ வீடு தேடி வந்து, “சீனிச்சாமி அண்ணே, ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுங்க” என்று கெஞ்சினார்கள். “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. எல்லாத்தையும் கொண்டு போங்க. அடிபடாதவனையும் கொண்டு போங்க” என்று உள்ளே இருந்தபடியே கத்தினார்.

பாண்டியின் உடலை அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். வண்டி சாத்தூர் தாண்டும்போது முதல் மழை பிடித்துக்கொண்டது. வீட்டு வாசலில் பெஞ்சைப் போட்டு, மேலே தார்ப்பாய் கட்டி இறக்கினோம். கட்டு வயிற்றில் மட்டும்தான் இருந்தது. முகம், கைகால் எல்லாம் அப்படியே இருந்தன. வந்தவர்களெல்லாம், “தூங்குற மாதிரி இருக்கானே” என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். எங்கள் தெருவில் ஆலையில் போன ஒருவரைப் பார்த்து அப்படிச் சொல்லி அழ முடிந்ததே அன்றுதான்.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வைத்தபோது, தெருவோரம் மழையில் சொர்ணலட்சுமி நின்றிருந்தாள். அவளுக்கு இன்னும் பதினாறாம் நாள் கழியவில்லை. அப்படிப்பட்டவள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, இன்னொரு சாவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “இவ எதுக்கு வந்திருக்கா?” என்று யாரோ கேட்டது அவள் காதிலும் விழுந்திருக்கும்.

“மாரி” என்று அங்கிருந்தே கூப்பிட்டாள். “ஒரு செம்புத் தண்ணி நானும் ஊத்திக்கிறேன் மாரி. எங்க வீட்டுல உள்ளவுகளுக்கு ஊத்த முடியல.”

மாரிசெல்வி அம்மாவைப் பார்த்தாள். அம்மா பாண்டியின் வயிற்றின்மேல் ஒரு துண்டை விரித்து ஓரங்களைச் செருகிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, “வரச் சொல்லு. நனையாம வரச் சொல்லு” என்றாள்.

சொர்ணலட்சுமி வந்தாள். அவன் தலையில் சீயக்காய் வைத்தாள். ஒரு செம்பு ஊற்றினாள். அதோடு விலகிவிடுவாள் என்று நினைத்தோம். அவள் பெஞ்சின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவனுடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நகக்கண்களில் அலுமினியப் பொடி அப்பியிருந்தது. மருந்து வேலை பார்க்கிற எல்லோருக்கும் அது இருக்கும். ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் துடைத்தும் போகவில்லை. சொர்ணலட்சுமி கை நீட்டி, தாழ்வான ஓலைக் கூரையிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, முதல் விரலிலிருந்து ஆரம்பித்து அதைச் சுரண்டி எடுக்கத் தொடங்கினாள். குளிப்பாட்டுவது நின்றது.

“விட்டுருத்தா” என்றாள் அம்மா. “அது போகாது.”

“தெரியும் சின்னம்மா. வேல விட்டு வந்தா தெனமும் அவுகளுக்கும் நான்தான் எடுத்துவிடுவேன். ஒருநாளும் முளுசாப் போனதில்ல.”

சொல்லிவிட்டு அவள் அடுத்த விரலைப் பிடித்தாள். மாரிசெல்வி செம்பைச் சாய்த்து அந்த விரலின்மேல் மெதுவாகத் தண்ணீர் விட்டாள்.